ஏரியில் இறங்கிய ஞாயிற்றுக்கிழமைகள்

கணவருக்குச் சிறுநீர் சிவப்பாகப் போகிறது என்று தங்கை முதன்முதலில் தொலைபேசியில் சொன்னபோது, சூடு என்றேன். அப்போது சேலத்தில் ஒரு நாளிதழில் உதவி ஆசிரியராக இருந்தேன். கோடைதோறும் இளநீர், மோர், நுங்கு பற்றிப் பெட்டிச் செய்தி எழுதியவன். கேட்டிருக்க வேண்டிய கேள்வி எதையும் கேட்கவில்லை.

மாப்பிள்ளைக்குத் திருச்செங்கோட்டுப் பக்கம் ரிக் வண்டியில் டிரில்லர் வேலை. ஆழ்துளைக் கிணறு போடும் வண்டி அது. கம்ப்ரசர் அனலில் நாள் முழுக்க நிற்க வேண்டும். அந்த ஆட்களிடையே எந்த உபாதைக்கும் முதலில் வாயில் வரும் பெயர் சூடுதான். தங்கை தொப்புளில் விளக்கெண்ணெய் வைத்தாள், வெந்தயம் ஊறவைத்துக் கொடுத்தாள். சில வாரம் நிறம் தெளியும். பேர் இளநீருக்குப் போகும். மறுபடி சிவக்கும். ஆப்பிரிக்காவில் மூன்று ஆண்டு ரிக்கில் இருந்துவிட்டு அவர் அதற்கு முந்தைய ஆண்டுதான் திரும்பியிருந்தார். இரண்டையும் யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை. நான்கு கோடை இப்படிப் போயிற்று.

இந்தச் சித்திரையில் ஒரு காலை, ரத்தக்கட்டி அடைத்துச் சிறுநீர் நின்றுவிட்டது. அஸ்தம்பட்டியில் ஒரு சிறுநீரக மருத்துவரிடம் கொண்டுபோனோம். குழாய் வைத்து வடித்தபின் ஸ்கேன் எடுத்தார்கள். மருத்துவர் படத்தை நெடுநேரம் பார்த்தார். பீடி, சிகரெட் உண்டா என்றார். இல்லை. குமாரபாளையம் பக்கம் சாயப்பட்டறையில் வேலை பார்த்ததுண்டா என்றார். அதுவும் இல்லை. வெளிநாட்டில் ஏரி, குளத்தில் இறங்கியதுண்டா என்றார். மாப்பிள்ளை பதில் சொல்லுமுன் என்னைப் பார்த்தார்.

"ஞாயித்துக்கெழமையானா ஏரியிலதானுங்க குளிப்போம்."

கிணறு போடுகிறவருக்கு ஏரி எதற்கு என்று மருத்துவருக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. அவர் இருந்த வண்டியில் ஒரு கட்டுப்பாடு உண்டு. தண்ணீர் பீறிட்டதும் தேங்காய் உடைத்து, நிலத்துக்காரர்தான் முதலில் கை நனைக்க வேண்டும். ஒப்படைக்கும்வரை ஆட்கள் அதில் குளிக்க மாட்டார்கள், அழுக்குத் துணி அலச மாட்டார்கள். ஒப்படைத்த மறுநாள் வண்டி அடுத்த ஊருக்குப் போய்விடும். அந்தப் பழக்கத்தைக் கடல் தாண்டியும் விடவில்லை. வண்டியில் இருந்த ஆறு பேரும் ஏரியில் இடுப்பளவு நீரில் நின்று துணி அலசியிருக்கிறார்கள்.

மருத்துவர் மருந்துச்சீட்டின் பின்பக்கம் சிறுநீர்ப்பையை வரைந்தார். அந்த ஏரிகளின் நத்தைகளில் வளரும் ஒரு புழு, தோலைத் துளைத்து உள்ளே போகும். பையைச் சுற்றியுள்ள ரத்தக்குழாய்களில் தங்கி முட்டையிடும். முட்டைகள் பையின் சுவரில் தைத்துப் புண்ணாக்கும், அந்தப் புண் ஆறாது. அந்தப் பையில் கிருமிகள் குடியேறி, சிறுநீரில் இயல்பாக இருக்கும் நைட்ரேட்டிலிருந்து நைட்ரோசமைன்களை உண்டாக்கும். புற்றுநோயைத் தூண்டும் பொருள்கள் அவை. சிறுநீர் தேங்கும் நேரமெல்லாம் அவை புண்ணின்மேல் படிந்திருக்கும். துளை இறங்கும்போது டிரில்லர் இடத்தைவிட்டு நகர்வதில்லை; மாப்பிள்ளை மணிக்கணக்கில் அடக்கிப் பழகியவர்.

ஸ்கேனில் பையின் ஓரம் முட்டை ஓட்டைப் போல வெள்ளையாகத் தெரிந்தது. எல்லோருக்கும் புற்றாவதில்லை என்றார் மருத்துவர். தொடக்கத்திலேயே வந்திருந்தால் புழுவுக்கு மாத்திரையே போதும் என்றும் சொன்னார். அதைச் சொல்லும்போது எங்கள் யாரையும் பார்க்கவில்லை. சதையில் கொஞ்சம் எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்.

முடிவு வாங்கப் போன அன்று, எதிரே டீக்கடையில் காத்திருந்தோம். டம்ளரைத் தொடாமலே மாப்பிள்ளை பேசினார்.

"அங்க சின்னப் பசங்களுக்கே செவப்பாத்தானுங்க மச்சான் போவும். பையன் ஆளாயிட்டான்னு ஊருக்குள்ள சிரிப்பாங்க. நம்ம ஆளு ஒருத்தனுக்கு வந்தப்ப நாங்களும் உடலயே. நாப்பது வயசுல ஆளாயிருக்கறயேடா, உங்கூட்டுக்குச் சீர் கொண்டாரட்டுமான்னு ஓட்டுனோம்."

"அப்புறம் எத்தனை பேருக்கு வந்தது?"

"என்னோட சேத்து நாலு பேருக்குங்க."

முடிவு ஒரு பக்கம்தான். புற்று, சுவரின் தசைக்குள் இறங்கியிருந்தது. பையையே எடுக்க வேண்டும், அதன் பிறகும் உறுதி சொல்ல முடியாது என்றார் மருத்துவர். தங்கை அவரிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்: இளநீர் கொடுக்கலாமா?

அறுவைக்கு முந்தைய நாள் மாப்பிள்ளை கட்டிலில் உட்கார்ந்து மற்ற மூவரையும் அழைத்தார். இரண்டு எண்கள் உபயோகத்தில் இல்லை. மூன்றாமவர் கெங்கவல்லிப் பக்கம் விவசாயம் பார்க்கிறவர். உடனே எடுத்தார். மாப்பிள்ளை நடந்ததையெல்லாம் சொல்லி, உனக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டார். ஸ்பீக்கரில் மோட்டார் ஓடும் சத்தத்துக்கு மேல் அவர் குரல் வந்தது.

"எனக்கு வெறும் சூடுதாண்ணே. இளநி குடிச்சா கொறையுது. மரவள்ளி புடுங்கி முடியட்டும், வந்து காட்டுறேன்."