கறுப்புப் பழம் வைத்த பிஸ்கட்

எனக்கு ஒன்பது வயது முடிந்த கோடை விடுமுறையில், சித்தி தன் முதல் சம்பளத்தில் ஒரு சின்ன மின்சார அடுப்பு வாங்கி வந்தாள். சித்தி அம்மாவின் தங்கை. அம்பத்தூரில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை கிடைத்து, ஆவடியில் எங்கள் தொழிற்சாலை குவார்ட்டர்ஸ் வீட்டிலேயே தங்கியிருந்தாள். பிஸ்கட், கேக் எல்லாம் இனிமேல் வீட்டிலேயே என்று அறிவித்துவிட்டு, அடுத்த ஒரு வாரம் தன் போனில் வரும் சமையல் படங்களை எனக்கும் தம்பிக்கும் காட்டிக்கொண்டே இருந்தாள். அதில் ஒரு படம் என் மனதில் ஒட்டிக்கொண்டது. வட்டமான வெளிநாட்டு பிஸ்கட்டின் நடுவில் குழி, அந்தக் குழியில் கறுப்பும் நீலமுமாக மின்னும் நாலைந்து குட்டிப் பழங்கள்.

நம் ஊரில் மே மாதத்துக்கு மாம்பழம்தான் என்று சித்தி முடிவு செய்தாள். பகலில் வோல்டேஜ் இறங்கிவிடும், அடுப்பு சூடேறாது என்பதால் ஒரு சனிக்கிழமை விடியற்காலையிலேயே ஆரம்பித்தோம். வெண்ணெயும் பொடித்த சர்க்கரையும் ஏலக்காயும் போட்டு மைதாவைப் பிசைந்தாள். வெக்கையில் மாவு கையோடு இழுத்துக்கொண்டு வந்தது. அதைக் கொஞ்ச நேரம் ஃப்ரிட்ஜில் வைத்து எடுத்து, உருண்டை பிடித்துத் தட்டினோம். நடுவில் கட்டைவிரலால் குழி போடுவது என் வேலை. வெந்து ஆறியதும் குழியில் ஒரு சொட்டுத் தேன் விட்டு, அதன்மேல் பொடியாக நறுக்கிய பங்கனப்பள்ளித் துண்டுகளை வைக்க வேண்டும். இரண்டு தட்டு முடிந்தது. மூன்றாவது தட்டை அடுப்பிலிருந்து எடுத்து வைத்துவிட்டு, “பழத்த நீயே வெச்சிடு, நான் குளிச்சிட்டு வரேன்” என்று சித்தி போய்விட்டாள்.

கிண்ணத்தைப் பார்த்தேன். மாம்பழம் இல்லை. நானும் தம்பியும் ஒவ்வொரு துண்டாக வாயில் போட்டதில் எப்போது தீர்ந்ததென்றே தெரியவில்லை. பிஸ்கட்டெல்லாம் குழியோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தன.

அப்போதுதான் அந்தப் படம் ஞாபகம் வந்தது. எங்கள் வீட்டுக்குப் பின்னால், துணி துவைக்கும் கல்லிலிருந்து தண்ணீர் ஓடும் இடத்தில், முழங்கால் உயரத்துக்கு ஒரு செடி தானாக முளைத்துப் புதராகியிருந்தது. அதில் மிளகைவிடக் கொஞ்சம் பெரிதாகக் கறுப்புப் பழங்கள் கொத்துக்கொத்தாகத் தொங்கும். போய் ஒரு கை நிறையப் பறித்துவந்தேன். மூன்று முறை கழுவினேன். குழிக்கு நாலு வீதம் வைத்தேன். போனில் பார்த்த படத்துக்கும் என் தட்டுக்கும் எந்த வித்தியாசமும் எனக்குத் தெரியவில்லை.

அப்பா வேலைக்குக் கிளம்பி வந்தவர் அந்தத் தட்டைப் பார்த்து அசந்துபோனார். “இது என்ன பழம்?” என்றார். “சித்திதான் சொல்லிக் குடுத்தா” என்றேன். அது முழுப் பொய்யும் இல்லை. சித்தி கடையில் வாங்கி வந்திருப்பாள் என்று அம்மா நினைத்துக்கொண்டாள். அப்பா ஒன்றை வாயில் போட்டு, கண்ணை மூடித் தலையாட்டிவிட்டு, தட்டில் இருந்ததில் பாதிக்குமேல் ஒரு டப்பாவில் அடுக்கி, செக்‌ஷனில் எல்லாருக்கும் கொடுக்கிறேன் என்று எடுத்துக்கொண்டு போனார். தம்பி இரண்டு தின்றான். குளித்துவிட்டு வந்த சித்தி, தலையில் கட்டிய துண்டோடு மாம்பழ பிஸ்கட்டைப் போட்டோ எடுப்பதில் மும்முரமாக இருந்தாள்.

எட்டரை மணிக்கு எதிர்வீட்டு அத்தைக்கு ஒரு தட்டில் இரண்டு வகையும் வைத்துக் கொண்டுபோனேன். அவர்கள் திருநெல்வேலிக்காரர்கள். அத்தை கறுப்புப் பழ பிஸ்கட்டை எடுத்துக் கண்ணுக்கு அருகில் வைத்துப் பார்த்தார்.

“ஏட்டி, இதை எங்கன பறிச்ச?”

பின்பக்கம் கூட்டிப்போய்க் காட்டினேன். அத்தையின் முகம் மாறிவிட்டது. “எங்கூர்ல இதே மாதிரிதான் ஒரு செடி கெடக்கும். அதத் தின்னுட்டு எங்க சித்தப்பா ஆடு ரெண்டு நுரை தள்ளிச் செத்துச்சு. யாரும் தின்னுட்டீங்களா?”

எங்கள் வீட்டு வாசலை எட்டியபோது தம்பி சுவரோரம் குந்தி, இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தான். “வலிக்குதும்மா” என்றான்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் ஒன்றன்மேல் ஒன்று விழுந்ததுபோல் இருக்கிறது. நான் அழுதுகொண்டே உண்மையைச் சொன்னேன். அம்மா என்னை அடிக்கவில்லை. அதுவே எனக்குப் பெரிய பயமாக இருந்தது. அப்பாவுக்குப் போன் போட்டாள். ஃப்ரிட்ஜின் மேல் அப்பாவின் போன் ஒலித்தது. தொழிற்சாலைக்குள் போன் கொண்டுபோகக் கூடாது என்பதை அவசரத்தில் மறந்துவிட்டாள். தம்பியைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு எதிர்வீட்டு அத்தையோடு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். சித்தி வேரோடு பிடுங்கிய செடியை என் கையில் கொடுத்து, என்னை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு தொழிற்சாலை கேட்டுக்குப் பறந்தாள். தொழிற்சாலை டாக்டர் கேட்டால் காட்டுவதற்காகச் செடி. வழியெல்லாம் அதைப் பார்க்கப் பயந்து கண்ணை மூடிக்கொண்டே போனேன். அப்பா ஒரு டப்பா நிறையக் கொண்டுபோயிருந்தார். செக்‌ஷனில் எத்தனை பேர், அவர்கள் வீட்டில் எத்தனை குழந்தைகள் என்று என் மனம் எண்ணிக்கொண்டே இருந்தது.

கேட்டில் இருந்த காவலர் சித்தியை நிதானப்படுத்தப் பார்த்தார். “எந்த செக்‌ஷன்மா?” என்று கேட்டார். சித்திக்குத் தெரியவில்லை. “பெயின்ட் அடிக்கிற எடம்” என்றேன் நான். அப்பாவின் சட்டை எப்போதும் பெயின்ட் வாசனை அடிக்கும். காவலர் தன் அறையில் இருந்த போனைச் சுழற்றி, அப்பாவின் பெயரைச் சொல்லி, சித்தி சொன்னதைத் தன் வசதிக்குச் சுருக்கி, “பிஸ்கட்ல விஷமாம், யாரையும் தின்ன வேணாம்னு சொல்லு!” என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினார். பிறகு எங்களை ஓரமாக நிற்கச் சொன்னார்.

கேட்டுக்கு எதிரே வேப்பமரத்தடியில் ஒரு கூழ் வண்டி நின்றது. வண்டிக்காரம்மா சொம்பில் கூழைக் கலக்கிக்கொண்டே எங்களைப் பார்த்தபடி இருந்தவர், கடைசியில் கிட்டே வந்துவிட்டார்.

“இன்னா கண்ணு, காலங்காத்தால அழுதுகினு கீற?”

நான் செடியை நீட்டினேன். சித்திதான் மூச்சு வாங்கச் சொன்னாள். இந்தச் செடியின் பழத்தைத் தெரியாமல் தின்றுவிட்டார்கள், வீட்டில் குழந்தைக்கு வயிற்றுவலி, உள்ளே எத்தனை பேர் தின்றார்களோ. அந்தம்மா என் கையிலிருந்த செடியை வாங்கித் திருப்பிப் பார்த்தார். ஒரு இலையைக் கசக்கி மோந்தார். பிறகு கறுப்புப் பழமாகப் பார்த்து நாலைந்தைப் பறித்து, நாங்கள் தடுப்பதற்குள் வாயில் போட்டுக்கொண்டார்.

சித்தி வீல் என்று கத்தினாள்.

“ஏம்மா கூவுற? மணத்தக்காளிமா இது! வாய்ப்புண்ணு வந்தா தேடிப் போய்த் துன்றது. தோ, கூழுக்குத் தொட்டுக்க வறுத்து வெச்சிகீறேனே வத்தல், அது இன்னான்னு நெனச்ச? இதோட காய்தான்.”

சித்தி வண்டியில் இருந்த வற்றலைப் பார்த்தாள். செடியைப் பார்த்தாள். எங்கள் வீட்டில் வாரம் தவறாமல் வற்றல்குழம்பு உண்டு. பாக்கெட்டில் வருகிற அந்தச் சுருங்கிய கறுப்பு வற்றல், பச்சைச் செடியில் எப்படி இருக்கும் என்று எங்களில் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை. சித்தி அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். அந்தம்மா ஒரு சொம்புக் கூழை அவள் கையில் திணித்தார். “குடி மொதல்ல. மூஞ்சி வெளுத்துப் போய்க்கீது பாரு.”

கூழ் பாதி இறங்குவதற்குள் அம்மாவின் போன் வந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டர் தம்பியைத் தனியாக விசாரித்ததில், விடியற்காலை ஃப்ரிட்ஜைத் திறந்து பச்சை மாவை மூன்று உருண்டை விழுங்கியதை ஒப்புக்கொண்டானாம். இப்போது வலி குறைந்து, பிஸ்கட் கேட்கிறானாம். மணத்தக்காளி என்று சித்தி சொன்னதும் அந்தப் பக்கம் அம்மா சிரிப்பதும் அழுவதும் சேர்ந்து கேட்டது. எனக்கு அப்போதுதான் காலில் செருப்பு இல்லாததும், தார் ரோடு சுடுவதும் தெரிந்தது.

அந்த நேரம் கேட்டுக்கு உள்ளேயிருந்து அப்பா வந்தார். தனியாக வரவில்லை. பெரியப்பா அவருடைய மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார்.

பெரியப்பாவுக்கும் அதே தொழிற்சாலையில்தான் வேலை, வேறொரு செக்‌ஷனில். எங்கள் குவார்ட்டர்ஸிலேயே நாலு தெரு தள்ளி வீடு. தாத்தா இறந்தபிறகு ஊர் வீட்டைப் பற்றி ஆரம்பித்த பேச்சு சண்டையாகி, இரண்டு வருடமாக அண்ணனும் தம்பியும் ஒரே கேட்டில் நுழைந்து, ஒருவரையொருவர் பார்க்காமல் வேலை செய்துவிட்டு, ஒரே கேட்டில் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். காவலர் கூப்பிட்ட போன் பெரியப்பாவின் செக்‌ஷன் பக்கத்தில்தான் இருந்திருக்கிறது. விஷம் என்ற வார்த்தையோடு அப்பாவின் பெயரும் காதில் விழ, பெரியப்பா அப்பாவைத் தேடி வெயிலில் அத்தனை தூரம் ஓடியிருக்கிறார். சட்டை முதுகோடு ஒட்டிப்போய், மேல்மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

“ஒண்ணுமில்ல மாமா, மணத்தக்காளிதானாம்!” என்று சித்தி கத்தினாள்.

பின்னாலேயே பேயறைந்த முகத்தோடு வந்த அப்பாவின் செக்‌ஷன்காரர்கள் மூன்று பேரும் ஒன்றாக “அப்பாடா!” என்றார்கள். அதில் ஒருவர் நேராகக் கூழ் வண்டிக்கே போய்விட்டார். பெரியப்பா மட்டும் கேட்டோரக் கட்டைச்சுவரில் உட்கார்ந்தார். அப்பாவின் கையை விடவில்லை. அதனால் அப்பாவும் உட்கார வேண்டியதாயிற்று.

“எத்தன தின்ன?” என்றார் பெரியப்பா.

“அஞ்சு.”

“அஞ்சா!” பெரியப்பாவின் தோள் குலுங்கியது. “எனக்கு ஒண்ணு குடுக்கணும்னு தோணல?”

அப்பா தரையைப் பார்த்தார். “டப்பா காலிண்ணா” என்றார்.

பெரியப்பா அப்பாவைத் திருடனைப் பிடித்ததுபோலப் பிடித்திருக்கிறார், என் தப்புக்கு அப்பாவைப் போலீஸில் ஒப்படைக்கப் போகிறார்கள் என்றே நான் நினைத்தேன். வீட்டுக்குத் திரும்பும்போது, அப்பாவின் வேலை போய்விடுமா என்று சித்தியிடம் கேட்டேன். சித்தி ஸ்கூட்டரை ஓரங்கட்டி, துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் பெரியப்பா எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். என்மேல் புகார் சொல்லத்தான் வந்திருக்கிறார் என்று பயந்து சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். அம்மா மீதமிருந்த பிஸ்கட்டையும் டீயையும் கொண்டுபோய் வைத்தாள். மாவு மைதாவா கோதுமையா என்று பெரியப்பா கேட்டார். மைதா என்றார் அப்பா. வெண்ணெய் எவ்வளவு, எத்தனை நிமிஷம் அடுப்பில் இருக்க வேண்டும், அடியில் ஒட்டாதா, மாம்பழத்துக்குப் பதில் பலாச்சுளை வைத்தால் எப்படி இருக்கும் என்று அவர் கேட்டுக்கொண்டே போக, ஒரு நாளும் அடுப்படிக்கு வராத அப்பா எல்லாவற்றுக்கும் பொறுமையாக, தெரிந்ததும் தெரியாததுமாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். டீ தீர்ந்து இன்னொரு டீ வந்தது. அம்மா எனக்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்து நின்று, ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். எனக்குக் கால் வலித்தது. இரண்டு பெரிய ஆண்கள் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசுவதற்கு ஒரு பிஸ்கட்டில் அப்படி என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவே இல்லை.