ஈரத் தட்டும் இடது கால் பூட்ஸும்

அரூஷாவிலிருந்து விக்டோரியா அருவி வரை லாரியில் போகும் வெளிநாட்டுப் பயணிகளுக்காக நான் பதினான்கு பக்கத்தில் ஓர் அறிவுரைப் புத்தகம் எழுதியிருந்தேன். எங்கள் ஊரில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவன் எழுதினால் பதினான்கு பக்கமாவது வேண்டாமா? அச்சாகி வந்த மறுநாள், அந்த லாரியை ஓட்டும் கம்பெனியின் கொட்டகைக்குப் போனேன். அங்கே ஒரு பெண்மணி அதன் ஏழாம் பக்கத்தை விரித்து வைத்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

“நல்ல தாள் தம்பி,” என்றார். “மை ஒட்டவே இல்ல.”

அவர்தான் ஐக்காண்டே. பதினோரு வருடமாக அந்த லாரியில் சமையல். கிளிமஞ்சாரோ சரிவில் வாழைத்தோப்புக்கு நடுவே பிறந்தவர். முதல் நாள் காலையில் வழிகாட்டிகள் லாரிப் படியில் ஏறி நின்று பயணிகளுக்கு அறிவுரை சொல்வதை, பதினோரு வருடமும் கீழே அடுப்பருகில் நின்று கேட்டவர். அந்தப் படியில் ஒருநாள் தானும் ஏற வேண்டும் என்பது அவருடைய ஆசை. அதை டிரைவர் ராஷிதியிடம் மட்டும் சொல்லியிருந்தார். அதனால் ஊருக்கே தெரிந்திருந்தது.

அடுத்த மாதம் வழிகாட்டி காட்லிசன் மலேரியாவில் படுத்துவிட்டான். பயணிகள் பதினாறு பேர் வந்து இறங்கியாயிற்று. முதலாளி கிமாரோ ஐக்காண்டேவைக் கூப்பிட்டார்.

“நீயே கூட்டிட்டுப் போ. வழி உனக்கு மனப்பாடம். ஆனா கடைசி நாள் அவங்க எழுதித் தர்ற தாள்ல ஒரே ஒரு குறை இருந்தாலும், திரும்ப அடுப்புகிட்டயே உக்காந்துக்கணும்.”

“குறை எழுதாம ஊருக்குப் போற வெள்ளைக்காரன் உண்டா முதலாளி?”

“அது உன் பாடு.”

மறுநாள் காலை ஐக்காண்டே படியில் ஏறினார். என்ன சொன்னால் மண்டையில் ஏறாது என்று அவருக்கு நன்றாகத் தெரியும்: உண்மை. அதனால் வேறு மாதிரி ஆரம்பித்தார்.

“தட்டைக் கழுவினதும் துணியால தொடைக்கக் கூடாது. கையில புடிச்சுக் காத்துல ஆட்டணும். சொட்டு ஈரம் நிக்கக் கூடாது. ஈரத் தட்டுல குழம்பு வாசம் தங்கும். ரெண்டு மைல் தள்ளிப் படுத்திருக்கிற சிங்கத்துக்கு அது போதும்.”

பதினாறு பேரும் வாயை மூடிக் கேட்டார்கள்.

“கூடாரத்துக்கு உள்ள போனாலும் வெளிய வந்தாலும் ஜிப்பைப் போடுங்க. பூட்ஸை வெளிய விடாதீங்க, கழுதைப்புலி தூக்கிட்டுப் போயிரும். அப்புறம், இது லாரி. யாராவது பஸ்னு சொன்னா அன்னிக்குப் பெரிய சட்டியக் கழுவுறது அவங்க தலையில.”

பயணிகளில் ப்ரெபன் என்றொரு டேனிஷ்காரர். நாற்பது வருடம் மாட்டு வைத்தியம் பார்த்து ஓய்வு பெற்றவர். துணிப்பை கொண்டு வரச் சொல்லியும் சக்கரம் வைத்த கெட்டிப் பெட்டியோடு வந்திருந்தார். அது லாக்கருக்குள் நுழையாமல் அவர் காலடியிலேயே உட்கார்ந்து வந்தது. சிங்கக் கதையைக் கேட்டு மீசைக்குள் சிரித்தவர் அவர் ஒருவர்தான்.

அன்று மத்தியானமே கூத்து ஆரம்பமாகிவிட்டது. சாப்பிட்டு முடித்து, கழுவி, பதினாறு பேரும் வட்டமாக நின்று இரண்டு கையிலும் தட்டைப் பிடித்து வீசினார்கள். ராஷிதி மண்டாசிப் பணியாரத்தை மென்றபடி லாரிக்கு அடியிலிருந்து எட்டிப் பார்த்தான்.

“அக்கா, கொக்குக் கூட்டம் பறக்க முடியாம தவிக்கிற மாதிரி இருக்கு.”

“சிரிக்காத. சிரிச்சா உன் கையிலயும் ரெண்டு தட்டு குடுப்பேன்.”

ப்ரெபனும் வேடிக்கைக்காகத் தட்டை ஆட்டினார். ஆனால் அவர் கணக்கு வேறு. சிங்கம் பொய் என்றால் கழுதைப்புலியும் பொய்தான். செரெங்கெட்டியில் இரண்டாம் நாள், நாற்றமடித்த பூட்ஸைக் கூடார வாசலிலேயே விட்டுவிட்டுப் படுத்தார்.

காலையில் எல்லாரும் தேநீருக்கு நின்றபோது, ஒரு காலில் பூட்ஸும் மறு காலில் வெறும் காலுறையுமாக நடந்து வந்தார். இடது பூட்ஸ் போயிருந்தது. அதன் கயிற்றை மட்டும் ராஷிதி புல்லுக்குள்ளிருந்து எடுத்து வந்தான்.

“ஏம்மா,” என்றார் ப்ரெபன், சிரிக்காமல். “நீ சொன்னதுல எது நெசம், எது பொய்? எல்லார் முன்னாலயும் இப்பச் சொல்லு.”

ராஷிதி ஐக்காண்டேவின் காதருகே குனிந்தான். “ஈரத் தட்டு மேல பழியப் போடுக்கா. யாரோ சரியா ஆட்டலன்னு சொல்லு. நம்பிடுவாங்க.”

நம்பியிருப்பார்கள். ஐக்காண்டேவின் நாக்கு நுனி வரை அது வந்தும்விட்டது. லாரிப் படியையும் அடுப்பையும் ஒரு முறை பார்த்தார். பிறகு முள் ஒட்டியிருந்த அந்தக் காலுறையைப் பார்த்தார். இன்று தட்டைக் காட்டித் தப்பித்தால், நாளைக்கு இந்த மனிதர் ஜிப்பையும் நம்பமாட்டார்.

“பூட்ஸ் நெசம். ஜிப்பும் நெசம், கொரங்கு உள்ள பூந்துரும். தட்டுதான் பொய்.”

அந்நேரம் தட்டை ஆட்டிக்கொண்டிருந்த ஒரு பெண்ணின் கை அப்படியே நின்றது. “அப்ப நாங்க எதுக்கு ஆட்டுறோம்?”

“வயித்துக்கு. ஒரே துணியில எல்லாத் தட்டையும் தொடைச்சா ஒருத்தர் வயித்துப்போக்கு அத்தனை பேருக்கும் வரும். பதினோரு வருஷமா அடுப்புகிட்ட நின்னு இதத்தான் சொன்னேன். எல்லாரும் தலைய ஆட்டுனாங்க. தட்டை ஒருத்தரும் ஆட்டல.”

ப்ரெபன் தன் காலைக் குனிந்து பார்த்தார். பெருமூச்சு விட்டார்.

“சரி. பஸ்ஸுல என் செருப்பு இருக்கு, எடுத்துட்டு வர்றேன்.”

“பஸ்னுட்டாரு,” என்றான் ராஷிதி.

முதலில் சிரித்தது அந்தப் பெண்தான். அப்புறம் மொத்தக் கூட்டமும். ப்ரெபன் ஒற்றைப் பூட்ஸோடு பெரிய சட்டியைத் தேய்த்துக் கழுவி, அதை இரண்டு கையாலும் தூக்கிக் காற்றில் ஆட்டினார். பொய் என்று தெரிந்த பிறகும் அன்று ஒருவரும் துணியைத் தொடவில்லை.

பதினெட்டாம் நாள் விக்டோரியா அருவியில் எல்லாரும் தாள் எழுதிக் கொடுத்தார்கள். பதினைந்து தாளில் குறை இல்லை. பதினாறாவதை அரூஷாவில் கிமாரோ உரக்கப் படித்தார்.

“குறை ஒன்று உண்டு. இந்த அம்மாள் பொய் சொல்கிறார். அந்தப் பொய்யால் எங்களில் ஒருவருக்கும் வயிறு கெடவில்லை. அவர் சொன்ன உண்மையை நம்பாததால் என் பூட்ஸ் போயிற்று.”

“ஒரு குறை இருக்கே,” என்றார் கிமாரோ.

“இருக்கு முதலாளி.” கரண்டியை எடுத்துக்கொண்டு போகத் தயாராகவே நின்றார் ஐக்காண்டே.

கிமாரோ தாளை இன்னொரு முறை படித்தார். “ஒருத்தருக்குமா வயிறு கெடல? காட்லிசன் போன தடவை வழியில எத்தனை எடத்துல வண்டிய நிறுத்துனான்?”

“வழியில இருக்கிற புதருங்களத்தான் கேக்கணும் முதலாளி,” என்றான் ராஷிதி.

கிமாரோ தாளை மடித்து மேசைக்குள் போட்டார். “கரண்டிய வேற ஆள்கிட்டக் குடு.”

ஐக்காண்டே இப்போது மூன்றாவது வருடமாக அந்தத் தடத்தில் வழிகாட்டி. சிங்கக் கதையை முதல் நாள் சொல்கிறார், ஐந்தாம் நாள் உண்மையைச் சொல்கிறார். கழுதைப்புலியைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் ப்ரெபன் விட்டுப்போன வலது பூட்ஸைத் தூக்கிக் காட்டுகிறார். என் புத்தகம் இப்போது ஒரே பக்கம். இன்று ஐக்காண்டே மலாவி ஏரிக்கரையில் இருக்கிறார். அடுத்த வாரம் அருவிக்குப் போய்ச் சேருவார்.