கேரம் பலகைக்குப் பக்கத்தில் ஒரு பெண்கள் முகாம்

“நாலு எழுத்து படிச்சிட்டா, ஊருல இருக்கிற பொம்பளைங்க உடம்பெல்லாம் உன்னால சரியாயிடுமா?”

எங்கள் நகரத்தின் பெஹாலா பகுதியில் ஒரு சுகாதாரத் தொண்டு நிறுவனத்தில் வேலை கிடைத்த அன்று அப்பா கேட்டது இது. அவர் துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அந்தக் கர்வத்தில், அவர் கேள்வியை ஒதுக்கித் தள்ளினேன்.

சில மாதங்களில் நிறுவனத்தின் சார்பில் எங்கள் தெருவிலேயே பெண்களுக்கான மருத்துவ முகாம் ஏற்பாடானது. இடம், தெரு கிளப். இந்த ஊரில் தெருவுக்குத் தெரு கிளப் உண்டு. துர்கா பூஜைக்கு அங்கே பந்தல் போடுவார்கள். மற்ற நாட்களில் ஆண்கள் கேரமும் சீட்டும் ஆடுவார்கள். பூஜை தவிர்த்து எந்தப் பெண்ணும் அந்த வாசலை மிதிப்பதில்லை. இதை அதிகாரியிடம் சொன்னேன். மின்விசிறி இருக்கிறது, நாற்காலி இருக்கிறது, வாடகை கிடையாது என்றார்.

அப்போது அம்மாவுக்கு, மாதவிலக்கு நின்று வருடங்கள் ஆன பிறகு, மறுபடி இரத்தம் பட ஆரம்பித்திருந்தது. அது புற்றுநோயாகவும் இருக்கலாம் என்று பயிற்சியில் படித்திருந்தேன். ஆஸ்பத்திரிக்கு வர மறுத்தவள், வீட்டுக்குப் பக்கம்தானே என்று முகாமுக்குச் சம்மதித்தாள்.

முகாம் அன்று ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி, பெண்களின் அந்தரங்க நோய்களுக்கு இலவசப் பரிசோதனை என்று தெரு முழுக்கக் கூவினார்கள். அம்மா நல்ல புடவை கட்டிக்கொண்டு தெருமுனை வரை வந்தாள். அங்கேயே நின்றாள். திரும்பிப் போய்விட்டாள்.

“வாசப்படியில உங்கப்பாகூட சீட்டாடறவங்க உக்காந்திருக்காங்கடி. அவங்களைத் தாண்டி எந்த வியாதியைக் காட்ட நான் உள்ள போறது?”

முகாமுக்கு வந்தவர்கள் பெரும்பாலும் இரத்த அழுத்தம் பார்த்துக்கொண்ட ஆண்கள். மறுநாள் கூட்டத்தில், பெண்களிடம் விழிப்புணர்வு இல்லை என்று முடிவு செய்தார்கள். விழிப்புணர்வு இல்லாதவள் எதற்கு நல்ல புடவை கட்டினாள் என்று கேட்க நினைத்தேன். கேட்டிருந்தால் அம்மாவின் உடம்பு அங்கே உதாரணமாகியிருக்கும். 

எங்கள் சந்தில் தையல் கடை வைத்திருக்கும் பௌதி, அதாவது அக்கம்பக்கம் எல்லாருக்கும் அண்ணி, ரவிக்கை அளவெடுக்கத் திரைபோட்ட உள்ளறை வைத்திருக்கிறாள். அங்கே ஆண்கள் நுழைய முடியாது. அளவு கொடுக்கப் போகிறேன் என்று சொன்னால் எந்த வீட்டிலும் குறுக்குக் கேள்வி வராது. மருத்துவரை அங்கே வரவைக்கலாமா என்று அவளைக் கேட்டேன். தையல் மெஷினை ஓரமாகத் தள்ளிவிட்டு, “டாக்டர் பொம்பளைதானே?” என்று மட்டும் கேட்டாள்.

அலுவலகத்தில் சொல்லாமல், எனக்குத் தெரிந்த பெண் மருத்துவர் ஒருவரை ஒரு மதியம் அங்கே அழைத்து வந்தேன். தெருப் பெண்கள் துணிப்பையோடு வந்தார்கள். அம்மா கிளம்பும்போது அப்பா, “இருக்கிற ரவிக்கை பத்தாதா?” என்றார். இத்தனை மாதத்தில் அவள் உடம்பைப் பற்றி அவர் கேட்ட ஒரே கேள்வி அதுதான்.

அம்மாவைப் பரிசோதித்த மருத்துவர் திரையை விலக்கி வெளியே வந்து, தள்ளிப்போட வேண்டாம் என்றார். கர்ப்பப்பைச் சதைப் பரிசோதனைக்கு இன்று காலை ஆஸ்பத்திரியில் நாள் வாங்கிவிட்டேன். கூட வீட்டுக்காரர் வருவாரா என்று கேட்டார்கள். மகள் வருவாள் என்று சொல்லி, கையெழுத்தும் போட்டுவிட்டு வந்தேன்.