கூடையில் இருந்த நீலக் குல்லா

நான் ஒரு முட்டாள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் சொல்லி நான் தெரிந்துகொள்ள வேண்டாம். திருடனிடம் சாவியைக் கொடுத்தவர்கள் ஊரில் நாலு பேர் இருப்பார்கள். நான் சாவியையும் கொடுத்து, அவன் உள்ளே நடமாடிய சத்தத்தைக் கேட்டு, பெண்சாதிதான் திரும்பி வந்துவிட்டாள் என்று ஒரு நாள் முழுக்கப் பல்லைக் காட்டிக்கொண்டு திரிந்தவன்.

போனில் ஒரு செய்தி வந்தது. “உங்கள் பொதியை ஒப்படைக்க முடியவில்லை. முகவரி முழுமை இல்லை. கீழே அழுத்தித் திருத்தவும்.” அந்த வாரம் நான் வாடகைக்கு ஓட்டும் த்ரீவீலுக்கு ஒரு பக்கக் கண்ணாடி வரவேண்டி இருந்தது. கொழும்பில் இருப்பவனுக்கு இப்படி வந்தால் சந்தேகப்படுவான். அவனுக்கு வீட்டு எண் இருக்கிறது, தெருப் பெயர் இருக்கிறது. தேயிலைத் தோட்டத்தில் வரிசையாக ஒட்டிக் கிடக்கும் எங்கள் லயத்துக்கு எண்ணும் கிடையாது, தெருவும் கிடையாது. கடிதம் வந்தால் தோட்டத்து ஆபீசுக்கு வரும். அங்கே யாருக்காவது ஞாபகம் வந்தால் நம் கைக்கு வரும். ஆன்லைனில் வாங்குவதற்காக ஹட்டன் டவுனில் போன் திருத்தும் தம்பி ஒருவனின் கடையைத்தான் முகவரியாகக் கொடுத்திருந்தோம். அதற்கும் எண் இல்லை. ‘பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், மாடிப்படிக்குக் கீழே’ என்று எழுதியிருந்தோம். பிறந்ததிலிருந்து என் முகவரி முழுமை இல்லாமல்தான் இருக்கிறது. அதைத் திருத்தச் சொல்லி முதல்முறையாக ஒருவன் கேட்கிறானே என்று எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அழுத்தினேன். ஈமெயில் கேட்டது, கொடுத்தேன். பாஸ்வேர்ட் கேட்டது, அதையும் கொடுத்தேன்.

அந்தப் பாஸ்வேர்டை வைத்தது என் பெண்சாதி. குக்கருக்கு ஒரு ரப்பர் வளையம் டவுனில் எங்கேயும் கிடைக்காமல், அதை வாங்குவதற்காகவே அவள் ஆன்லைன் கடையில் அந்தக் கணக்கைத் திறந்தாள். யாருக்கும் தெரியாத ஒரு சொல் வேண்டும் என்று போன் கேட்டபோது, என் தலையை ஒரு பார்வை பார்த்தாள். ‘மொட்ட மச்சான்’ என்று ஆங்கில எழுத்தில் தட்டி, பின்னால் ஒன்று இரண்டு மூன்று போட்டாள். நான் அவளுக்கு அத்தை மகன். மச்சான் பிறந்ததிலிருந்தே உண்டு, மொட்டை இடையில் சேர்ந்தது. எனக்கு அது பிடித்துப்போய், பேங்க், பேஸ்புக், ஈமெயில் எல்லாவற்றுக்கும் அதையே வைத்தேன். அந்தத் தம்பி பலமுறை சொல்லியிருக்கிறான்: “அண்ணே, எல்லா பூட்டுக்கும் ஒரே சாவி போடாதீங்க.” நான் சிரித்துவிட்டு வந்துவிடுவேன்.

அவள் போய் இரண்டு தீபாவளி ஆகிவிட்டது. சண்டை எதுவும் இல்லை. சண்டை என்றால் சமாதானம் பேச யாரையாவது அனுப்பலாம். “கொஞ்ச நாள் அக்கா வீட்ல இருந்துட்டு வர்றேங்க” என்று கொழும்புக்குப் பக்கத்தில் வத்தளைக்கு ரயில் ஏறினாள். அங்கே ஒரு துணிக்கடையில் வேலை கிடைத்தது. முதலில் வாரம் ஒருமுறை பேசினாள், பிறகு மாதம் ஒருமுறை. பிறகு நான் கூப்பிட்டால், “கடையில ஆளுங்க இருக்காங்க, வைக்கிறேன்.” கடையில் எப்போதும் ஆள் இருந்தது.

ஆனால் கணக்கு ஒன்றாகவே இருந்தது. அவள் போனிலும் அதே, என் போனிலும் அதே. வாங்க நினைக்கும் சாமான்களைப் போட்டு வைக்கும் இடத்தை நாங்கள் கூடை என்போம். சேர்ந்திருந்த காலத்தில் அதில் ஒரு விளையாட்டு வைத்திருந்தோம். நான் குறட்டை விட்ட மறுநாள் கூடையில் ஒரு காதடைப்பான் கிடக்கும். அவள் மீன் குழம்பில் இரண்டு முறை உப்பு போட்ட அன்று நான் ஒரு தண்ணீர் டாங்கியைப் போட்டு வைப்பேன். எதையும் வாங்கமாட்டோம்.

அவள் போன பிறகு, போன வருடப் பனிக்காலத்தில், நான் போடாத ஒரு சாமான் கூடையில் கிடந்தது. நீலக் கம்பளிக் குல்லா. நான் அதை வாங்கவும் இல்லை, எடுக்கவும் இல்லை. காலையில் எழுந்து டீத்தண்ணி வைக்கும்போது போனைத் திறந்து, குல்லா இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வேன். இருந்தால் அன்றைக்குத் தலை குளிராது.

செய்தியை அழுத்திய மறுநாள் காலை பார்க்கிறேன், குல்லாவுக்கு மேலே ஒரு ஹெயார் டிரையர்!

மொட்டைக்கு ஹெயார் டிரையர். வேறு யாருக்கு இந்தக் குசும்பு வரும்? ஸ்டவ்வில் தண்ணி கொதித்துக் கொதித்துப் பாதியானது, நான் நின்று சிரித்துக்கொண்டிருந்தேன். உடனே பதிலுக்கு ஒரு சீப்பை எடுத்துப் போட்டேன். அன்றைக்கு ஏறியவர்களிடம் எல்லாம் வாயடித்தேன். வட்டவளைக்குப் போன ஒரு அம்மா, “என்னா தம்பி, வீட்ல விசேசமா?” என்று கேட்டார். “ஆகப்போகுதுங்க” என்றேன். திரும்பி வரும்போது அவளுக்குப் பிடித்த இஞ்சி பிஸ்கட் ஒரு பாக்கெட்கூட வாங்கிவிட்டேன்.

அடுத்த நாள் இன்னொரு செய்தி. என் பெயரில் கொள்வனவு உறுதியாகிவிட்டதாம்: இரண்டு போன், ஒரு ஹெயார் டிரையர், ஒரு சீப்பு, ஒரு நீலக் குல்லா. போய்ச் சேரவேண்டிய இடம் எனக்குத் தெரியாத ஊர். வீட்டு எண், ஒழுங்கை, தெரு எல்லாம் சரியாக இருந்தன. திருடனுக்கு முகவரி முழுமையாக இருந்தது.

மழையில் த்ரீவீலை எடுத்துக்கொண்டு தம்பியின் கடைக்கு ஓடினேன். அவன் செய்தியைப் பார்த்தான், பிறகு என் தலையைப் பார்த்தான்.

“சீப்பு நீங்க போட்டதா?”

“ஆமா.”

“திருடனுக்கு ஏன்ணே சீப்பு வாங்கிக் குடுக்குறீங்க?”

நான் விசயத்தைச் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. முதலில் பேங்குக்குப் பேசி கார்டை நிறுத்தினான். கம்பெனிக்குப் பேசி கொள்வனவை ரத்து செய்ய வைத்தான். கூடையைத் திறந்து பார்த்தேன். ஒன்றும் இல்லை.

“குல்லா திரும்ப கூடைக்கு வராதா?”

“சாமான் போவட்டும்ணே. மொதல்ல பாஸ்வேர்ட மாத்தணும். மாத்துறதுக்கு ஒரு கோட் வரும், உங்க போனப் பாருங்க.”

என் போனுக்கு வரவில்லை. கணக்கு அவள் நம்பரில் திறந்தது. கோட் வத்தளைக்குப் போயிருந்தது.

எத்தனையோ நாள் பேசக் காரணம் தேடியவன் நான். இப்போது காரணம் கிடைத்தும் எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. “நம்ம அக்கவுண்ட்ட யாரோ புடிச்சிட்டான். ஒனக்கு வந்த நம்பர அனுப்பு” என்று அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது: “நீங்கதானா?”

“பாத்தீங்களா, அண்ணிக்கு இருக்கிற அறிவு!” என்றான் தம்பி. “வாய்ஸ் போடுங்க, அப்பதான் நம்புவாங்க.”

போனை வாய்க்குக் கிட்டே பிடித்தேன். ஏதாவது பகிடியாகச் சொல்லிச் சிரிக்கவைக்கத்தான் நினைத்தேன். “நாந்தான்... மொட்ட மச்சான்” என்றதோடு அனுப்பிவிட்டேன். தம்பி ஒரு பழைய போனைக் கழற்ற ஆரம்பித்தான். அதில் பழுது எதுவும் இல்லை என்று எனக்குத் தெரியும்.

ஆறு எண்கள் வந்தன. வேறு ஒரு எழுத்தும் இல்லை.

“யாரு பேரும் வேணாம், பட்டப்பேரும் வேணாம்ணே. ஒன்னுக்கொன்னு சம்பந்தமில்லாத நாலு சொல்ல சேர்த்து நீளமா வைங்க. ஒவ்வொன்னுக்கும் வேற வேற வைக்கணும்” என்றான். வைத்தேன். அடுத்து ஈமெயில், பேஸ்புக், பேங்க். ஒவ்வொன்றிலும் பழையதைக் கடைசியாக ஒருமுறை தட்டச் சொல்லிக் கேட்டது. மொட்ட மச்சான், மொட்ட மச்சான், மொட்ட மச்சான். இரண்டு வருடமாக என்னை யாராவது அப்படிக் கூப்பிட்டார்கள் என்றால் அந்தச் சின்னக் கட்டத்துக்குள்தான். ஒரு காலையில் எல்லாவற்றையும் அழித்துவிட்டு நல்ல பாதுகாப்பாக உட்கார்ந்திருந்தேன். கோட் இனிமேல் என் நம்பருக்கே வரும்படியும் தம்பி மாற்றிவிட்டான்.

கடைசியாக ஒரு பட்டியல் காட்டினான். கணக்கு எந்தெந்தப் போனில் திறந்திருக்கிறது என்று. ஒன்று என்னுடையது. ஒன்று திருடனுடையது. மூன்றாவது வத்தளை, இன்று காலை பார்த்திருக்கிறது என்று போட்டிருந்தது.

இன்று காலை. நான் டீத்தண்ணி வைத்த நேரமாகக்கூட இருக்கலாம்.

“எல்லாத்தையும் வெளியேத்துங்கண்ணே.”

“திருடன மட்டும் வெளிய போடுவோம். இது இருக்கட்டும்.”

“இதுல தனித்தனியா முடியாதுண்ணே. எல்லாத்தையும்தான் வெளிய போடும். அண்ணிக்கு வேணும்னா புது பாஸ்வேர்ட் போட்டு உள்ள வந்துக்குவாங்க.”

வேணும்னா. அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு அழுத்தினேன். பட்டியலில் நான் மட்டும் மிஞ்சினேன்.

பஸ் ஸ்டாண்டில் அக்கரப்பத்தனை பஸ் புறப்பட்டது. த்ரீவீலுக்குள் வந்து உட்கார்ந்து, ரெக்சினில் மழை விழும் சத்தத்தில், அந்த நீலக் குல்லாவைத் தேடிப் பிடித்துத் திரும்பக் கூடையில் போட்டேன். பக்கத்தில் இஞ்சி பிஸ்கட் பாக்கெட் பிரிக்காமலே கிடந்தது. பிறகு, தம்பி காலை முழுக்க எதைச் செய்யாதே என்று சொன்னானோ அதைச் செய்தேன். புதுப் பாஸ்வேர்டை அப்படியே தட்டி, “குல்லா உள்ள இருக்கு, வந்து பாரு” என்றும் சேர்த்து அவளுக்கு அனுப்பினேன்.

செய்திக்குக் கீழே இரண்டு டிக்கும் நீலமாயின, படித்துவிட்டாள். எழுதுகிறாள் என்று காட்டியது, நின்றது, மறுபடி காட்டியது.

“இதையும் மாத்திருங்க.”