எழுதாத நிபந்தனை

அண்ணன் இறந்து பதினேழாம் நாள், அவருடைய அறையைக் காலி செய்யச் சொல்லிக் கல்லூரியிலிருந்து போன் வந்தது. கணிதத் துறை, முதல் மாடி, கழிப்பறைக்கு அடுத்த அறை. முப்பத்தோரு வருடம் அங்கிருந்துதான் நேரியல் இயற்கணிதம் நடத்தப் போனார். பேராசிரியர் ஆகாமலேயே போய்ச் சேர்ந்தார்.

அவர் உயிரை வைத்திருந்தது ஒரு தேற்றத்தின் மேல். எண்களை வரிசையும் நிரலுமாக அடுக்கினால் அது அணி. இரண்டு அணிகளைக் கூட்டும்போது ஐகன் மதிப்பு என்கிற ஒன்று எந்த எல்லையைத் தாண்டாது என்று கண்டுபிடித்து ஆய்விதழுக்கு அனுப்பினார். பதினோரு வருடத்துக்கு முன் பதில் வந்தது. நிரூபணம் அருமை, ஆனால் சமச்சீர் அணிகளுக்கு மட்டுமே செல்லும். அந்த நிபந்தனையை முதல் வரியில் சேர்த்து அனுப்பினால் வெளியிடுகிறோம். சமச்சீர் என்றால், மூலைவிட்டத்தில் மடிக்கும்போது எண்கள் ஒன்றின் மேல் ஒன்று பொருந்த வேண்டும். அவ்வளவுதான்.

"சேர்த்துட வேண்டியதுதானே அண்ணா?"

"நிபந்தனை போட்டா அது பாதித் தேற்றம். மூணு காலோட நாற்காலி எந்தத் தச்சனாவது குடுப்பானா?"

"நீ பிடிச்ச முயலுக்குத்தான் மூணு கால் ஆச்சே. நாற்காலிக்கு மட்டும் நாலு வேணுமா?"

"கெமிஸ்ட்ரி டீச்சருக்கு இதெல்லாம் புரியாது. கொதிச்சா ஆவியாகும், அதோட உங்க பாடம் முடிஞ்சுது."

"உன் பிடிவாதத்துல நான்தான் ஆவியாகப் போறேன்."

மற்றவர்கள் முதுகுவலி என்று நழுவுகிற தேர்வுக்கூட மேற்பார்வையை அவர் கேட்டு வாங்குவார். மூன்று மணி நேரம் யாரும் பேச மாட்டார்கள். மிச்ச வினாத்தாள்களின் பின்பக்கத்தில், நிபந்தனை இல்லாமல் நிரூபிக்க முயன்றுகொண்டிருப்பார். ஒருமுறை வகுப்பே பார்த்து எழுதியதாம். அவர் நிமிரவே இல்லை என்று துறைத்தலைவர் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்.

மூன்று வருடத்துக்கு முன் வேறோர் இளைஞர் அதே முடிவை வெளியிட்டார். நான்கு பக்கம்.

"நல்லா எழுதியிருக்கான்," என்றார் அண்ணன். "சமச்சீர்னு போட்டிருக்கான்."

"அண்ணா!"

"கத்தாதே. அவன் பண்ணது பாதி. முழுசு வந்துக்கிட்டே இருக்கு."

நான் அறைக்குப் போனதும் அலுவலக உதவியாளர் அலமாரி மேலிருந்து கட்டுகளை இறக்கினார். "சாரோட ரஃப் பேப்பரே ஒரு மூட்டை இருக்கும்மா."

தேர்வுத் தேதிவாரியாகக் கட்டியிருந்தார். எட்டு வருடத்துக்கு முந்தைய வினாத்தாள் ஒன்றின் பின்னால் இரண்டு அணிகள். நான்கு வரிசை, நான்கு நிரல், பெரும்பாலும் பூஜ்யங்கள். கூட்டியிருந்தார். கீழே அவர் போட்ட எல்லை. அதைத் தாண்டி நிற்கும் ஓர் எண். அதற்கும் கீழே, இரண்டு கோடு இழுத்து, அவர் கையெழுத்தில்: நிபந்தனை இல்லாமல் பொய்.

அந்தப் பையன் வெளியிடுவதற்கு ஐந்து வருடம் முன்னாலேயே அண்ணனுக்குத் தெரிந்திருக்கிறது. ஒரு சொல்லைச் சேர்த்துத் தபாலில் போட ஐந்து வருடம் இருந்தது. என்னிடம் "வந்துக்கிட்டே இருக்கு" என்றார்.

அந்தத் தேதிக்குப் பிந்தைய கட்டுகளைப் பிரித்தேன். மேற்பார்வைக்குப் போயிருக்கிறார், வினாத்தாள்களை எடுத்து வந்திருக்கிறார், ஒழுங்காகக் கட்டியும் வைத்திருக்கிறார். பின்பக்கங்கள் எல்லாம் வெறுமை.

"என்னம்மா, தூக்கிப் போட்டுடவா?" என்றார் உதவியாளர். சண்டை போடவேண்டிய ஆள்தான் உயிரோடு இல்லை.

இதழின் கடிதமும் கட்டுரைப் பிரதியும் மேசையில் இருந்தன. பென்சிலை எடுத்து முதல் வரியில் அந்தச் சொல்லை எழுதிப் பார்த்தேன். தாராளமாக இடம் இருந்தது.