ஒற்றைக் கை விசைப்பலகை

என் தங்கச்சிக்கு வலது கை முழங்கையோடு முடிந்துவிடும். பார்க்கிற வெளியாள் எல்லாம் உடனே குரலைத் தாழ்த்தி, சண்டையில் செல் விழுந்து போனதா என்று கேட்பார்கள். இல்லை, பிறவியிலேயே இப்படித்தான் என்றால் முகத்தில் ஒரு ஏமாற்றம். சண்டையில் போகாத கைக்கு மரியாதை குறைவு போல. எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எங்கள் வீடு தாழ்வுபாட்டில். கருவாடு போடுகிற வேலையில் அவளுக்கு இருக்கிற ஒரே கையும் உப்பில் வெடித்துப் புண்ணாகிக் கிடந்தது. அதனால்தான் மன்னார் டவுனில் ஒரு தொண்டு நிறுவனக் கந்தோர் தமிழில் தட்டச்சுச் செய்ய ஆள் கேட்டபோது அவள் விழுந்தடித்து விண்ணப்பித்தாள். மாற்றுத்திறனாளிகளுக்குக் கை கொடுக்கிறோம் என்று வாசலில் பலகை மாட்டிய கந்தோர் அது.

சாதாரண விசைப்பலகையில் ஒற்றைக் கையாலும் அடிக்கலாம்தான். ஆனால் தமிழில் ஷிப்டை அழுத்தாமல் ஒரு சொல் ஒழுங்காக வராது. கை இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் ஓடியே களைத்துப்போகும். நான் போன் திருத்துகிறவள். பார்த்துக்கொண்டிருக்க மனம் வரவில்லை, இடது பக்கப் பொத்தான்கள் மட்டும் உள்ள ஒன்றைச் செய்யத் தொடங்கினேன். பெருவிரலால் ஒரு பொத்தானைப் பிடித்துக்கொண்டால் அதே பொத்தான்கள் வலது பக்கத்து எழுத்துகளைத் தரும். படகு திருத்துகிறவரிடம் மிஞ்சிய பிளைவுட்டில் துளை போட்டு, கொழும்பிலிருந்து வருவித்த பொத்தான்களைச் செருகி, பின்னால் வயர்களைக் குறுக்கும் நெடுக்குமாக ஈயம் வைத்து ஒட்டினேன். ஒவ்வொரு பொத்தானுக்கும் ஒரு டயோட் போட வேண்டும், மின்சாரம் திரும்பி ஓடாமலிருக்க. தேவைப்படாது என்று நினைத்து விட்டுவிட்டேன். மூன்று பொத்தான்களைச் சேர்த்து அழுத்தினால் அழுத்தாத நாலாவது எழுத்தும் வந்து விழுந்தது.

"கேக்காததையும் சேத்துச் சொல்லுது. அக்கா செய்தது எண்டு ஆருக்கும் விளங்கும்" என்றாள் தங்கச்சி.

எல்லாவற்றையும் கழற்றி, டயோட் வைத்துத் திரும்பக் கட்டினேன். கொஞ்ச நாளிலேயே அவள் என்னைவிட வேகமாக அடித்தாள்.

வேலைக்கான தட்டச்சுப் பரீட்சை அன்று அந்தக் கந்தோரின் பொறுப்பாளர் அதைச் செருகவே விடவில்லை. வெளிச் சாமான் கூடாதாம், மற்றவர்களுக்கு அநியாயமாம், எல்லாருக்கும் ஒரே சட்டமாம். செருகினால் கணினி இதைச் சாதாரண விசைப்பலகை என்றே எடுத்துக்கொள்ளும் என்று படித்துப் படித்துச் சொன்னேன். ஏறவில்லை.

"சேர், நீங்கள் கண்ணாடி போட்டுத்தானே எங்கட பேப்பரை வாசிக்கிறியள். அது ஆருக்கு அநியாயம்?" என்றேன்.

தேவையில்லாத கதை வேண்டாம் என்று என்னை வெளியே அனுப்பினார். அவள் அவர்களுடைய விசைப்பலகையில் அரைப் பக்கம்கூட முடிக்கவில்லை. வேலை வேறொருவருக்குப் போனது. அவள் திரும்பக் கருவாட்டுக்குப் போனாள்.

அதே மனிதர் பிறகு தானே எனக்குப் போன் எடுத்தார். கொழும்பிலிருந்து விருந்தினர் வருகிறார்களாம், கண்காட்சி வைக்கிறார்களாம், தங்கச்சியையும் அந்த "அருமையான கண்டுபிடிப்பையும்" கூட்டிக்கொண்டு வரட்டாம். பிள்ளையையும் கிள்ளித் தொட்டிலையும் ஆட்டுகிற வேலை! நான் வாய்க்கு வந்தபடி ஏசத் தொடங்க, தங்கச்சி போனை வாங்கி, "ஓம் சேர், வாறம்" என்றாள்.

மண்டபத்தில் பெரிய திரை. அதிலே வரவேற்பாக நாலு வரி அடித்துக் காட்டச் சொன்னார்கள். இந்த முறை பொறுப்பாளர் தன் கையாலேயே வயரைச் செருகினார். அவள் அடித்தாள்: "இந்த விசைப்பலகையோடு இதே கந்தோருக்குப் பரீட்சை எழுத வந்தேன். செருக விடவில்லை. வேலை தரவில்லை. இன்றைக்குக் காட்சிக்கு வைக்கக் கூப்பிட்டிருக்கிறார்கள்."

பொறுப்பாளரின் முகம் கறுத்தது. ஆனால் முன்வரிசை விருந்தினர்கள் கைதட்டினார்கள். அவர்களுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. என்ன எழுதியிருக்கிறது என்று ஒருவர் சிங்களத்தில் கேட்க, வரவேற்புரை என்று இந்த மனிதர் கூசாமல் சொல்லிவிட்டுத் தானும் சேர்ந்து தட்டினார்.

என் கடைக்கு ஆமிக்காரரும் போன் திருத்த வருகிறவர்கள். அவர்களோடு பேசிப் பழகிய என் சிங்களம் உடைசல்தான், ஆனால் ஆளுக்கு விளங்கும். எழும்பி நின்று, திரையில் இருந்ததை வரிக்கு வரி சொன்னேன். கைதட்டல் நின்றது. தங்கச்சி திரும்பிப் பார்க்கவில்லை, அடுத்த வரியை அடித்துக்கொண்டிருந்தாள்.