தாமதமாகிற விமானம்தான் வேண்டும்

என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் லிஃப்ட் கதவை மூன்று முறை திறந்து மூடிப் பார்க்காமல் ஏறமாட்டார். பின்னால் நிற்கிறவர்கள் முறைப்பார்கள். நான் யாரோ எவரோ என்று தள்ளி நின்றுகொள்வேன்.

வெளிநாட்டிலிருக்கும் மகளுக்கு இதயத்தில் ஆபரேஷன், வியாழக்கிழமை காலை. "உள்ள போறதுக்கு முன்னாடி உங்க ரெண்டு பேர் மூஞ்சியையும் பாக்கணும்மா" என்றாள். கிடைக்கிற டிக்கெட்டைப் போட வேண்டியதுதானே?

இவர் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்துவிட்டார். ஒவ்வொரு விமானக் கம்பெனிக்கும் போன். "உங்க மெக்கானிக் இந்த விமானம் பறக்கக்கூடாதுன்னு சொன்னா, மேனேஜர் கேப்பாரா மாட்டாரா?" எதிர்முனையில் இருந்த பெண், ஜன்னலோர சீட் வேண்டுமா என்று கேட்டாள். "பாத்தியா, பதிலே வரல" என்று அந்தப் பெயரை அடித்தார். இன்னொரு கம்பெனி நேரம் தவறியதே இல்லையாம். அதையும் அடித்தார்.

"ஐயோ, அதை ஏங்க அடிக்கிறீங்க?"

"எந்த மெஷினும் பழுதாகும். ஒரு நாள்கூட நிக்கலைன்னா, பாக்காம ஓட்டுறான்னு அர்த்தம்."

"அப்ப அதுல போறவங்கள்லாம் பைத்தியமா?"

"நீ சும்மா இரு."

கடைசியில், அடிக்கடி தாமதமாகிற கம்பெனியாகப் பார்த்துப் பொறுக்கினார். தலையில் அடித்துக்கொண்டேன்.

புதன்கிழமை காலை விமான நிலையத்தில் உட்கார்ந்திருந்தோம். நேரம் தவறாத கம்பெனியின் விமானம் கண்ணெதிரே கிளம்பிப் போனது. எங்கள் விமானத்துக்கு பிரேக்கில் கோளாறு என்றார்கள். வேறெதிலும் இடமில்லை. ஜனங்கள் கவுண்டரைச் சூழ்ந்து கத்தினார்கள். இவர் மட்டும், "அவசரப்படுத்தாதீங்க, நல்லா பாக்கட்டும்" என்று மெக்கானிக்குக்காக வாதாடிக்கொண்டிருந்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவர் முகத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

வியாழக்கிழமை விடிந்தும் அதே நாற்காலிகள். மகள் கூப்பிட்டாள். "எங்கம்மா இருக்கீங்க?"

இவர் போனை வாங்கினார். "பிரேக்கைக் கழட்டிப் பாத்துட்டிருக்காங்கம்மா."

"நல்லா பாக்கட்டும்பா. நீங்க பத்திரமா வாங்க. என்னைக் கூப்பிடுறாங்க, நான் உள்ள போறேன்."

அதன் பிறகு அவர் கவுண்டர் பக்கம் போகவில்லை. என் பக்கத்தில் உட்கார்ந்து, மெல்லக் கேட்டார்: "மத்ததுல போயிருக்கலாமோ?"

இந்த மனுஷன் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை வராதா என்று முப்பது வருஷம் ஏங்கியவள் நான். ஆமாம் என்று சொல்ல மனசு வரவில்லை.